மொசரு, பெருகு, தயிர்

எலக்ட்ரானிக் சிட்டி

மேஜைமேல் ஐந்து வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஓர் எண். எந்தக் கிண்ணத்தில் எந்தக் கம்பெனியின் சரக்கு என்பது நண்பரின் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். ஐந்துமே ஆர்கானிக் கிரீக் யோகர்ட். நண்பர் பெங்களூரில் ஓர் இயற்கை அங்காடிக்குச் சரக்குப் பார்த்து எடுப்பவர். குளிர்பெட்டியில் இரண்டுக்குத்தான் இடம். எந்த இரண்டு என்று சொல்வதற்காக என்னை உட்கார வைத்திருந்தார். "மாயவரத்துக்காரன் நாக்கு தயிர் விஷயத்துல பொய் சொல்லாது" என்பது அவர் கட்சி.

அதில் பாதிதான் நியாயம். எங்கள் வீட்டில் தயிர் என்றால், ராத்திரி கல்சட்டியில் உறை ஊற்றி, விடியும்போது மேலே மஞ்சளாக ஏடு படிந்து, கரண்டி போட்டால் பாளம் பாளமாக வருவது. சித்திரை மாதத்தில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். பிறகு அது மோர்க்குழம்புக்குத்தான். கிரீக் யோகர்ட் வேறு ரகம். உறைந்த தயிரை வடிகட்டித் தண்ணீரையும், அதோடு பாலிலிருக்கும் சர்க்கரையில் ஒரு பங்கையும் வெளியே அனுப்பிவிட்டு, மிஞ்சியதை எடுத்துக்கொள்வது. ஒரு கிலோவுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் பால் பிடிக்கும். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு மூன்று நான்கு கிராம் புரதம் என்றால், இதில் எட்டிலிருந்து பத்து. உடற்பயிற்சிக்காரர்கள் இதைத் தேடிப் போவது அதனால்தான். மகாராஷ்டிரத்தில் இதே வடிகட்டிய தயிரை 'சக்கா' என்று சொல்லி, சர்க்கரை கலந்து ஸ்ரீகண்டாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் புரதம் எண்ணவில்லை.

முதல் கிண்ணம் பார்வைக்கு ராஜா. கரண்டி நட்டால் நின்றது. ஆனால் நாக்கில் வைத்ததும் சுண்ணாம்பு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வடிகட்டிக் கெட்டியாக்காமல் பால் புரதப் பொடி சேர்த்துக் கெட்டியாக்கினால் இந்த மாவுத்தன்மை வரும். இரண்டாவது கத்தியால் வெட்டியதுபோல் ஓரம் கூராக நின்றது. ஸ்டார்ச்சோ பெக்டினோ தயவு. மூன்றாவதை வாய்க்குக் கொண்டுபோகும்போதே பச்சை ஆப்பிளை நறுக்கியது போல ஒரு வாசம். முதலில் புளிப்பு, அது அடங்கியபின் கொழுப்பின் இனிப்பு, கடைசியில் சுத்தம். நன்றாக வளர்ந்த நுண்ணுயிர்கள் கொடுக்கிற வாசம் அது. நான்காவதில் விழுங்கியபின் ஒரு கசப்பு. ஐந்தாவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; நினைவில் நிற்கவும் ஒன்றுமில்லை.

ருசிக்கு 50 மதிப்பெண் போட்டு முடித்தேன். தாளில் அடுத்த கட்டம், 'மூலம்'. அதற்கும் 50. பால் எங்கிருந்து வந்தது, மாட்டை எப்படி வைத்திருக்கிறார்கள், விவசாயிக்கு என்ன கொடுக்கிறார்கள். இதற்கு மதிப்பெண் போட என் கையில் இருந்தது கோப்பைகளின் மேலட்டை மட்டும்தான். ஐந்திலும் பச்சைப் புல்வெளி. நான்கில் ஒரு பசு. எந்தப் பசுவுக்கும் கழுத்தில் கயிறு இல்லை.

"அட்டையப் பாத்து மார்க் போடறதுக்கு நான் எதுக்கு?" என்றேன்.

"வேற எதப் பாத்துப் போடுவ?"

மேற்படி விவாதத்தின் முடிவில்தான் மூன்றாம் எண் கோப்பை ஒன்றை ஐஸ் பையில் வைத்துக்கொண்டு ஓசூர் பக்கம் கிளம்பினேன். ஜவளகிரியில் பால் சொசைட்டியோடு தொடர்புள்ள ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தக் கோப்பைக்குப் பால் கொடுத்தவர்கள் அவர்கள் அல்ல. ஆனால் பெங்களூர் என்கிற பெரும் வயிற்றுக்குப் பால் போகிற ஊர்களில் அதுவும் ஒன்று.

அத்திப்பள்ளி, ஓசூர்

அத்திப்பள்ளியில் மாநிலம் மாறுகிறது, மொழி மாறுவதில்லை. கடைப் பலகைகளில் கன்னடம் போய்த் தமிழ் வந்துவிடும். ஆனால் கடைக்காரர் முன்பு பேசியதையேதான் பேசுவார்: பாதிக் கன்னடம், கால் தெலுங்கு, மீதி தமிழ். மொழிவாரி மாநிலம் பிரித்தபோது கோடு எங்கேயாவது விழுந்துதானே ஆக வேண்டும், இங்கே விழுந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்தப் பக்கம்தான்.

ஓசூருக்குள் நுழைந்ததும் வருகிறவை கம்பெனி பஸ்கள். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் 70களின் கடைசியிலிருந்து 80களுக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்த ஊர். லாரி, ஸ்கூட்டர், கைக்கடிகாரம். இப்போது போன் உதிரிகளும். ஷிப்ட் முடிந்து இறங்குகிற பெண்கள் சாலையோரம் தள்ளுவண்டியில் வேகவைத்த மொச்சை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மார்கழி மொச்சைக்கு ஒரு கனத்த வாசம் உண்டு. பனியில் ஊறிய காய்க்குத்தான் அந்த வாசம் வரும் என்றார் வண்டிக்காரர். சமவெளிக்காரனுக்கு அது புதிது. எங்கள் பக்கம் மொச்சை ஒரு காய். இங்கே அது ஒரு பருவம்.

குளிரும் புதிதுதான். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற பீடபூமி. டீக்கடையில் தயிர் கேட்டேன். "இன்னும் ஒறையல சார், பத்து மணி ஆவும்" என்றார். தயிர் உறையாத ஒரு காலைப்பொழுதை நான் பார்த்ததே இல்லை.

மத்திகிரி

தளி சாலையில் கொஞ்ச தூரம் போனால் மத்திகிரி. இங்கிருக்கிற அரசுக் கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கியது. முதலில் வளர்ந்தவை மாடுகள் அல்ல, ராணுவத்துக்கான குதிரைகள். ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. குதிரை போய் மாடு வந்தபின் சிவப்பு சிந்தி இனத்துக்குப் பேர்போன இடமாயிற்று. இந்த வட்டாரத்தின் நாட்டு மாடோ ஹள்ளிகார். கொம்பு பின்னால் வளைந்த சாம்பல் நிற மாடு. உழவுக்கும் வண்டிக்கும் எருது விடும் விழாவுக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. பாலுக்கு ஆகாது. பாலுக்காக ஜெர்சி, எச்.எப். என்கிற சீமை இனங்களைக் கலந்தார்கள். இன்று பெங்களூர்க் கோப்பைகளில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கலப்பின் பால்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் கயிறில்லாமல் நின்றன. அட்டைப் படம் முழுப் பொய் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

தளி

வெள்ளைக்காரர்கள் தளியை 'குட்டி இங்கிலாந்து' என்றார்களாம். குளிரையும் பச்சையையும் பார்த்துச் சொன்னது. இன்றைக்கு வந்து பார்த்தால் ஹாலந்து என்று சொல்லியிருப்பார்கள். சாலையின் இரண்டு பக்கமும் பாலிதீன் கூடாரங்கள், உள்ளே ரோஜா. பிப்ரவரி 14ஐக் குறிவைத்து மார்கழியிலேயே கவாத்து முடிந்து துளிர் விட்டிருந்தது. இஸ்ரேல் கூட்டுறவில் அரசு நடத்துகிற கொய்மலர் மையமும் இங்கேதான்.

ஒரு கூடாரத்துக்கும் மாட்டுத்தீவனப் புல் வளர்ந்த ஒரு வயலுக்கும் நடுவே இருந்த வரப்பில் நின்றேன். வரப்பின் அகலம் என் செருப்பு இரண்டு. இந்தப் பக்கம் ரோஜாவுக்கு மருந்து அடிக்கிறார்கள். அந்தப் பக்கம் புல் அறுக்கிறார்கள். இயற்கைச் சான்றிதழ் வேண்டுமென்றால் நிலத்தில் ரசாயனத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. பயிரைப் பொறுத்து இரண்டு மூன்று வருஷம் மாறுதல் காலம் காக்க வேண்டும். பக்கத்து வயலிலிருந்து மருந்து வராதபடி இடைவெளியும் விட வேண்டும். ரெண்டு ஏக்கர்காரன் எங்கே விடுவான் இடைவெளி?

முடியாதது என்றும் சொல்லிவிட முடியாது. கர்நாடகத்தில் திப்டூர் பக்கம் அக்ஷயகல்பா 2010இல் தொடங்கியது. மென்பொருள் வேலையை விட்டு வந்தவர்களும் ஒரு கால்நடை மருத்துவரும் சேர்ந்து செய்த காரியம். தீவனத்திலிருந்து கொட்டகை வரை விவசாயியோடு உட்கார்ந்து திட்டம் போட்டால், ஆர்கானிக் பால் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகும் என்று காட்டினார்கள். சாத்தியம்தான். ஆனால் பின்னால் நிற்க ஒரு நிறுவனம் வேண்டியிருக்கிறது.

தீவன மூட்டை விற்கிற கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், தவிடு. கடைக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக ஒதுக்கினார். "பூசணம் சார். மழைக்கு நனைஞ்சிருக்குது." பூசணம் பிடித்த தீவனத்தின் நஞ்சு, அஃப்ளாடாக்சின், மாடு தின்றால் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வில் இது வரம்பு மீறிய மாதிரிகள் அதிகம் கிடைத்தது நம் மாநிலத்தில்தான்: 551இல் 88. தண்ணீர் கலப்பதைப் பற்றித்தான் நாம் காலங்காலமாகச் சண்டை போட்டு வந்திருக்கிறோம். அந்த மூட்டையை முகர்ந்து ஒதுக்கியவருக்கு எந்தத் தாளிலும் மதிப்பெண் கிடையாது. ஒதுக்கிய மூட்டை பிறகு எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜவளகிரி, மாலை

தளி தாண்டியதும் பாலிதீன் குறைந்து கேழ்வரகு வந்தது. அறுவடை ஆனது பாதி, ஆகாதது பாதி. அதற்குப் பின்னால் காடு. அந்தப் பக்கம் பன்னேர்கட்டா, இந்தப் பக்கம் 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 500 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு பால் பிடிக்கும்போது யானைகள் கர்நாடகக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக இறங்கும். வயல்களுக்கு நடுவே பரண்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு போர்வை மூட்டை.

நான் போன வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். அஜ்ஜிக்குக் கன்னடம். மருமகள் குப்பம் பக்கத்திலிருந்து வந்தவர், தெலுங்கு. பேரன் அரசுப் பள்ளியில் எட்டாவது, தமிழ் மீடியம். பேத்தி போன் கம்பெனிக்கு ஷிப்ட் பஸ்ஸில் போகிறவள். அன்று ராத்திரி வேலை. மகன் பரணுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். பேரன்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளன், அவனுக்கு இஷ்டப்பட்ட அளவுக்கு.

கொட்டகையில் மூன்று உருப்படி. ஒரு எச்.எப். கலப்பு, ஒரு ஜெர்சி கலப்பு, அஜ்ஜியின் பிடிவாதத்துக்காக ஒரு ஹள்ளிகார். தரையில் ராகித்தாள். மூலையில் மொச்சைத் தோல் குவியல். மருமகள் எச்.எப். மடியைக் கழுவிவிட்டுக் கறக்க உட்கார்ந்தார். முதல் நாலு பீச்சைத் தரையில் விட்டார். ஏனென்று கேட்டேன். "கட்டி கிட்டி விழுதான்னு பாக்கணும்ணா. போன மாசம் மடி வீங்கிப் போயிருந்துச்சு. டாக்டர் வந்து நாலு ஊசி போட்டாரு."

"ஊசி போட்ட நாள்ல பாலு?"

"ஊத்தல. கன்னுக்குட்டிக்குக் காட்டிட்டேன்."

ஆர்கானிக் விதியிலும் மாடு நோயில் கிடந்தால் மருந்து கொடுக்கலாம். ஆனால் பாலை ஒதுக்கிவைக்கிற நாள் சாதாரணக் கணக்கைவிட இரட்டிப்பு. இதைச் சொன்னபோது அவர் கையை நிறுத்தாமல், "அப்ப எட்டு நாளு பாலுக்குக் காசு யாரு குடுப்பாங்க?" என்றார்.

மேய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். அஜ்ஜி காட்டுப் பக்கம் கையை நீட்டி நீளமாகப் பேசினார். பேரன் சுருக்கினான்: "முன்னாடி எல்லாம் காட்டுல பட்டி போட்டு மேச்சாங்களாம். இப்ப விடறதில்ல." 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை போட்டது, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. இந்தக் காடு சரணாலயம். யானைக்குப் புல்லும் மூங்கிலும் மிஞ்ச வேண்டும் என்கிற நியாயம் எனக்குப் புரிகிறது. யானைக்குக் காட்டில் தீனி கிடைக்காததால்தானே அது வயலுக்கு வருகிறது. ஆனால் கோப்பையின் மேலட்டையில் கயிறில்லாத பசு நிற்கிறது. அந்தப் படத்தை இந்த ஊரில் நிஜமாக்கினால் வனத்துறை அபராதம் போடும்.

கறந்து முடித்ததும் ஐஸ் பையைத் திறந்தேன். ஐஸ் எப்போதோ உருகிப் பையின் அடியில் குளமாகக் கிடந்தது. கோப்பை மட்டும் குளிராக இருந்தது. இந்த ஊர்க் காற்றுக்கு நன்றி. ஆளுக்கு ஒரு கரண்டி.

அஜ்ஜி நாக்கின் நுனியில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இது மொசரல்ல" என்றார். பிறகு, "கிண்ணு தர இதெ."

"ஜுன்னு" என்றார் மருமகள்.

"சீம்பாலு" என்றான் பேரன், எனக்காக.

கன்று ஈன்ற பசுவின் முதல் பாலைக் கிண்டி எடுப்பது. அந்த வழவழப்பு, அந்தக் கனம். ஒரு பொருளுக்கு ஒரு வீட்டில் மூன்று பெயர். யாரும் யாரையும் திருத்தவில்லை. தயிருக்கும் அப்படித்தான். அஜ்ஜிக்கு மொசரு, மருமகளுக்குப் பெருகு, பேரனுக்குத் தயிர். கிரீக் யோகர்ட்டின் கதை இதற்கு நேர்மாறு. யோகர்ட் என்கிற சொல் துருக்கியம். அதை உறையவைக்கும் நுண்ணுயிரின் பெயரில் பல்கேரியா இருக்கிறது. ஸ்டாமன் கிரிகோரோவ் என்கிற பல்கேரியர் 1905இல் கண்டது. அமெரிக்காவில் அதைப் பெரிய வியாபாரமாக்கிய சோபானியைத் தொடங்கியவர் துருக்கியிலிருந்து குடியேறிய ஹம்தி உலுகாயா. 2005இல் நியூயார்க் மாநிலத்தில் மூடிக்கிடந்த ஒரு பால் ஆலையை வாங்கித் தொடங்கியது. அது இங்கிலாந்துக்குப் போனபோது கிரேக்கக் கம்பெனியான ஃபாயே வழக்குப் போட்டது. கிரீசில் செய்யாததை 'கிரீக் யோகர்ட்' என்று விற்கக் கூடாது என்று 2013இல் தீர்ப்பு. 2014இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. இந்தத் திண்ணையில் அந்த வழக்கு ஒரு நிமிஷம் தாங்காது.

"இதெவ்ளோ?" என்று கேட்டார் மருமகள்.

"100 கிராம் 70 ரூபா."

"கிலோ எழுநூறா!" அவருக்குக் கணக்கு பட்டென்று வந்தது. "ஒரு கிலோவுக்கு எவ்ளோ பாலு புடிக்கும்?"

"நாலு லிட்டர்னு வெச்சுக்குங்க."

காலையில் சொசைட்டியில் ஊற்றிய பாலுக்கு வந்த சீட்டை இடுப்பிலிருந்து எடுத்தார். கொழுப்பு இத்தனை, கொழுப்பற்ற திடப்பொருள் இத்தனை, லிட்டருக்கு 36 ரூபாய் சொச்சம். "நூத்தி நாப்பத்தஞ்சு" என்றார். மீதியில் வண்டி, குளிர்சாதனம், கோப்பை, கடைக்காரர் பங்கு, சான்றிதழ்ச் செலவு எல்லாம் இருக்கிறது, ஆர்கானிக் என்றால் பாலுக்கும் இதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்று விளக்கிக்கொண்டே போனேன். அவர் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்.

"நாலு லிட்டரு போட்டு ஒரு கிலோதான்னா, மீதி தண்ணி மூணு லிட்டரு இருக்குமேண்ணா? அத என்ன பண்ணுவாங்க?"

எலக்ட்ரானிக் சிட்டித் தாளில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை.

சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். அமெரிக்காவில் கிரீக் யோகர்ட் பெருகியபோது முதலில் திண்டாடியது இந்தத் தண்ணீரில்தான். பாலாடைக்கட்டி செய்யும்போது வருகிற இனிப்பு வடிநீரை உலர்த்திப் புரதப் பொடியாக்கிக் காசு பார்க்கலாம். இது புளிப்பு வடிநீர், உலர்த்துவது கஷ்டம். ஆற்றில் விட்டால் அதைத் தின்ன வருகிற கிருமிகள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் எடுத்துக்கொள்ள, மீன் செத்து மிதக்கும். லாரி லாரியாகப் பண்ணைகளுக்குக் கொண்டுபோய் மாட்டுத் தீவனத்தில் கலந்தார்கள், வயலில் உரமாகத் தெளித்தார்கள், சாணத்தோடு சேர்த்து எரிவாயு எடுத்தார்கள். பேரன் இதையெல்லாம் அஜ்ஜிக்குச் சொன்னான். எவ்வளவு சொன்னான் என்று தெரியாது. அஜ்ஜி சிரித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "அம்பலி."

ஜவளகிரி, இரவும் விடிகாலையும்

அந்த அம்பலியைச் செய்தே பார்த்துவிடலாம் என்று ஆயிற்று. வீட்டில் இரண்டு லிட்டர் தயிர் இருந்தது. இங்கே பனிக்காலத்தில் தயிர் உறைய வைப்பதே ஒரு கலை. பாலை எங்கள் பக்கத்தைவிடக் கொஞ்சம் சூடாகவே வைத்து உறை ஊற்றி, பானையைக் கோணிச் சாக்கில் சுற்றி அடுப்பு மேடையின் ஓரத்தில், சாம்பல் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். தொழிற்சாலையில் 42 டிகிரி வைத்து நாலைந்து மணி நேரத்தில் முடிப்பதை இங்கே சாம்பல் ராத்திரி முழுக்க நிதானமாகச் செய்கிறது. மெதுவாக உறைந்ததால் புளிப்பு மட்டு. லேசாகப் புகை வாசம்.

தோய்த்து உலர்த்திய பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து, தயிரை அதில் கொட்டி, முடிச்சுப் போட்டு, உத்தரத்து ஆணியில் மாட்டினார் மருமகள். கீழே ஈயம் பூசிய குண்டான். சொட்டு விழ ஆரம்பித்தது. முதலில் வேகமாக, பாலின் வெள்ளையோடு. பிறகு தெளிந்து, வெளிர்பச்சை கலந்த மஞ்சளில். ராத்திரிச் சாப்பாடு களியும் மொச்சைச் சாறும். அஜ்ஜி அதை முத்தே என்றார், மருமகள் சங்கடி என்றார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று பேரன் எனக்கு வகுப்பு எடுத்தான். நான் மென்றேன். மூன்று தலைமுறையும் சிரித்தது.

பதினொரு மணிக்கு மேல் தூரத்தில் வெடிச் சத்தம். ஒன்று, இடைவெளி, இரண்டு. எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். விளக்குப் போடவில்லை. பரணிலிருந்து மகன் போன் செய்தார்: நாலைந்து உருப்படி, ஏரிப் பக்கம் திரும்பிவிட்டது. கொட்டகையில் ஹள்ளிகார் மட்டும் எழுந்து நின்று காட்டுப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் அசைபோட்டன. இருட்டில் துணியிலிருந்து சொட்டு விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேலட்டையில் வரைய முடியாத ஒரு செலவு அந்த ராத்திரி. இந்தப் பாலின் அடக்கவிலையில் தூக்கமும் சேர்த்தி. எந்தச் சீட்டிலும் அது ஏறாது.

விடிந்தபோது துணி முடிச்சு ஒரு குழந்தையின் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. குண்டானில் பாதிக்கு மேல் தண்ணீர். ஷிப்ட் முடிந்து வந்த பேத்தி, அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் முதலில் அதை எட்டிப் பார்த்தாள். அஜ்ஜி ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்திருந்த கூழில் வடிநீரை ஊற்றி, உப்பும் நறுக்கிய வெங்காயமும் போட்டுக் கலக்கினார். அம்பலி. நான் குடித்ததில் புளிப்பு மோரைவிட மெல்லியது, இளநீர் மாதிரி ஒரு உப்பினிப்பு. மிஞ்சியதில் கொஞ்சம் தவிட்டோடு கன்றுக்குப் போனது. ஒரு சொட்டுகூட வாய்க்காலுக்குப் போகவில்லை. போயிருந்தாலும் மூன்று மாட்டு வீட்டுத் தண்ணீரால் ஏரி சாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரம் வீட்டுப் பால் ஓர் ஆலையில் சேரும்போதுதான் அது பிரச்சினையாகிறது.

அந்தக் கன்றைப் பற்றி. எச்.எப். போட்ட காளங்கன்று. கிடேரியாக இருந்தால் வீட்டுக்கு லாபம். ஹள்ளிகார்க் காளையாக இருந்தால் விழாவுக்கோ வண்டிக்கோ விலை போகும். கலப்பினக் காளைக்கு உழவும் இல்லை, ஓட்டமும் இல்லை. "இத என்ன செய்வீங்க?" என்றேன். மருமகள் பேரனைப் பார்த்தார். பேரன் கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். "சந்தைக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சொசைட்டிக் கேனை எடுத்துவந்தார். உலகத்தில் எந்த ஆர்கானிக் கோப்பையிலும், எந்தச் சாதாரணக் கோப்பையிலும் இந்தக் கன்றின் பங்கு இருக்கிறது. பசு கறக்க வேண்டுமென்றால் ஈன வேண்டும். ஈன்றால் பாதி காளை. என் பங்கு தயிர்சாதத்திலும் அது உண்டு என்பதை நாற்பது வருஷமாக நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது துணியிலிருந்ததைத் தூக்கில் வழித்துக் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்து, பிறகு பேத்தி வாங்கிக்கொண்டாள். "ஆர்கானிக்னு எழுதி வித்துக்குங்க சார்" என்றாள் கிண்டலாக. சட்டப்படி அது முழுக் கிண்டலும் அல்ல. ரசாயனம் இல்லாமல் உண்மையாகவே விளைவித்து, வருஷம் 12 லட்சத்துக்குள் வியாபாரம் வைத்து, நேராக வாங்குகிறவருக்கே விற்கிற சிறு விவசாயிக்கு 2017 விதிகளில் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அரசின் ஆர்கானிக் முத்திரையைப் போட்டுக்கொள்ள முடியாது. இந்த வீட்டின் கடைத் தீவனமும் பக்கத்து வயலின் மருந்தும் அந்தக் கணக்கில் தேறுமா என்பது வேறு பேச்சு. தேறாது என்றுதான் நினைக்கிறேன். மருமகளும் அப்படித்தான் நினைத்தார்: "மூட்டத் தீவனம் போடாம எச்.எப்.பு கறக்காதுண்ணா."

மறுபடியும் எலக்ட்ரானிக் சிட்டி

நண்பரின் மனைவியிடம் தூக்கை ரகசியமாகக் கொடுத்தேன். இந்தத் தடவை ஆறு கிண்ணம், நாலு பேர் சுவைத்தோம். என் ஜவளகிரித் தயிர் ஜெயித்துவிடும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. நாலாவது இடம் வந்தது. "புகை அடிக்குது", "கொஞ்சம் திரிதிரியா இருக்கு", "வாசனை நல்லாருக்கு, ஆனா இது வேற ஏதோ" என்று தாள்களில் எழுதியிருந்தார்கள். வேற ஏதோ என்று எழுதியவர் நண்பர். மூன்றாம் எண்ணே மறுபடியும் முதல் இடம். என் தாளிலும் அதற்குத்தான் முதல் இடம். நாக்கு பொய் சொல்லவில்லை.

'மூலம்' கட்டத்துக்கு வந்தோம். நான் கட்டத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டு, 'வடிநீர் எங்கே?' என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'காளங்கன்று?' என்று. "இதெல்லாம் எந்தக் கம்பெனி சொல்லும்?" என்றார் நண்பர். கேட்டுப் பார்ப்போமே என்று மூன்றாம் எண் கோப்பையின் அடியில் இருந்த வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இனிமையான குரலில் ஒரு பெண் எடுத்தார். உங்கள் தயிரை வடிகட்டும்போது வருகிற தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

ஒரு நொடி மௌனம். விசைப்பலகைச் சத்தம்.

"தண்ணி லீக் ஆகியிருக்கா சார்? ஆர்டர் நம்பர் சொல்லுங்க, ரீப்ளேஸ்மென்ட் போட்டுடறேன்."

இல்லை, லீக் ஆகவில்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மேலே விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி என் நம்பரைக் குறித்துக்கொண்டார். வைப்பதற்கு முன் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "எங்க வீட்ல அதுல ரசம் வெப்பாங்க சார்" என்றார்.